எரிமலை ஓரத்துல ஒரு வீடு விலைக்கு

மருமகனே, ஹவாய்த் தீவுல பூனா மாவட்டத்துல வீடு பாத்து வச்சிருக்கேன்னு சேதி அனுப்பியிருந்தே. ரொம்ப சந்தோசம். நம்ம வம்சத்துல கடனுக்குப் பயந்தவன் உண்டு, பொண்டாட்டிக்குப் பயந்தவன் உண்டு. நெருப்புக் குழம்பு ஓடின தடத்துல நின்னுக்கிட்டு "இங்கனதான் பூஜை ரூம்"னு அளந்து பாத்தவன் நீ ஒருத்தன்தான். படிச்ச புள்ளைன்னா சும்மாவா!

நீ அனுப்பின வீட்டுப் படத்தையும் உன் அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணு விடாமப் பாத்தா. ஒரு ஏக்கர் தோட்டம், பப்பாளி, வாழை, பச்சைப் பசேல்னு ஓஹியா மரம், கூப்பிடு தூரத்துல கடல். விலையோ, மத்த ஊர்ல காரு நிறுத்துற கொட்டகைக்குக்கூடப் பத்தாது. "மலை உச்சி நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு, பயப்படாதீங்க"ன்னு தரகர் சொன்னதா எழுதியிருந்தே. அவரைக் குத்தம் சொல்லாதே, அவர் பொய் சொல்லலை. தரகருங்க கணக்குல தப்பு விடமாட்டாங்க. எங்கேருந்து அளக்கணும்கிறதுலதான் அவங்க சாமர்த்தியம்.

மலைன்னா உச்சியிலதான் கக்கும்னு நெனச்சுக்கிட்டிருக்கே. அங்கன இருக்கிற கிலாவேயா மலை அந்த ரகம் இல்லை. அதுக்கு உச்சி தலைவாசல். கிழக்க கடல் வரைக்கும் பூமிக்கடியில ஒரு பிளவு ஓடுதே, அது கொல்லைவாசல். நீ வீடு பாத்திருக்கிறது கொல்லைவாசல் படிக்கட்டுல.

2018-ல என்ன நடந்ததுன்னு பேரன் வாசிச்சுச் சொன்னான். 35 வருசமாக் கக்கிக்கிட்டிருந்த பூவு ஓஓங்கிற எரிவாயோட தரை ஏப்ரல் 30-ஆம் தேதி உள்ளே சரிஞ்சது. அங்கன இருந்த குழம்பு யாரு கண்ணுலயும் படாம, தரைக்கடியிலேயே கிழக்க நகர்ந்தது. ரெண்டு நாள்ல லெய்லானி எஸ்டேட்ஸ்ங்கிற குடியிருப்புல தார் ரோட்டில விரிசல் விட்டுது. "ரோடு போட்டவன் சரியில்லை"ன்னு நீயா இருந்தா மனு எழுதியிருப்பே. விரிசல் அகலமாச்சு. மே 3-ஆம் தேதி சாயங்காலம், வீடுகளுக்கு நடுவுலேயே தீ பீச்சியடிச்சது. மறுநாள் 6.9 அளவுல நிலநடுக்கம். மொத்தம் 24 இடத்துல பூமி வாயைத் திறந்தது. அதுல எட்டாம் நம்பர் பிளவு ஒண்ணு மட்டும் ஆறாவே ஓடி, சுமார் 13 கிலோமீட்டர் போய், கபோஹோ விரிகுடாவைத் தூர்த்துப்போட்டது. போற வழியில ஒரு ஏரி இருந்தது. குழம்பு உள்ளே இறங்கின சில மணி நேரத்துல தண்ணி முழுக்க ஆவியாப் போச்சு. 700-க்கு மேல வீடுங்க, சுமார் 35 சதுர கிலோமீட்டர் நிலம், எல்லாம் கல்லுக்கடியில.

சரி, எரிவாய்க்குப் பக்கத்துலேயே இருக்கிறவன் கதி என்னன்னு கேப்பே. வால்கேனோன்னே பேரு வச்சுக்கிட்டு, எரிவாய்க்கு நாலைஞ்சு கிலோமீட்டர்ல ஒரு ஊர் இருக்கு. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அந்தத் தீவை ஒண்ணுலேருந்து ஒம்போது வரைக்கும் அபாய மண்டலமாப் பிரிச்சு, 1974-லயே வரைபடம் போட்டு, 1992-ல திருத்தியும் குடுத்திருக்கு. பேருலயே எரிமலையை வச்சிருக்கிற அந்த ஊர் மூணாம் மண்டலம். நாப்பது கிலோமீட்டர் தள்ளி நீ பாத்த இடம் ஒண்ணாம் மண்டலம். தரகர் "சோன் ஒன்"னு சொன்னதும் முதல் தரமான இடம்னு நெனச்சுப் பூரிச்சுட்டியோ? அந்தப் பரீட்சையில ஒண்ணுதான்லே ஃபெயிலு. 1800-க்கு அப்புறம் மட்டும், அந்த மண்டலத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல குழம்பு மூடியிருக்கு. ஒம்போதாம் மண்டலத்துல 60,000 வருசமா ஒரு பொறிகூடக் கிளம்பலை. ரெண்டும் ஒரே தீவு, ஒரே கவுண்டி, ஒரே கடல் காத்து. அந்தக் கோடெல்லாம் தோராயம்னு வரைஞ்சவங்களே சொல்லுதாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் என் வீடுன்னு பட்டாவைக் காட்டி மலைகிட்ட வழக்காட முடியாது.

நம்ம ஊர்ல நிலம் வாங்குறதுன்னா முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாப்போம். அந்த மலைக்கு முப்பது வருசம்கிறது ஒரு பகல் தூக்கம். 1955-ல பூனாவுல 88 நாள் எரிஞ்சது. 1960-ல கபோஹோ கிராமமே புதைஞ்சது. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள, அந்த 60-கள்லயே, அதே பிளவு மேல பிளாட் போட்டு வித்தாங்க. 1961-லேருந்து 2017 வரைக்கும் லெய்லானிக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தா ஒரு வில்லங்கமும் இருக்காது. அப்பழுக்கில்லாத சொத்து! பூனாவுல அப்பப் போட்ட மனைங்க ஆயிரக்கணக்குல கெடக்கு. நல்ல ரோடு இல்லை, குழாய்த் தண்ணி இல்லை, சாக்கடை இல்லை. விளம்பரத் தாளை மட்டும் பாத்துட்டு, கண்ணால நிலத்தைப் பாக்காமலே பணம் கட்டினவங்க எத்தனையோ பேரு.

நமக்கு இது புதுசா? நாலு வருசம் மழை பொய்ச்சா கண்மாய்க்குள்ள கல்லு நட்டு "லேக் வியூ நகர்"னு வளைவு கட்டி விக்கலையா, அதே ஏவாரம்தான். ஒரே ஒரு வித்தியாசம். கண்மாய் நெறைஞ்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்தா, வடிஞ்ச பெறகு கழுவிவிட்டுக் குடியிருக்கலாம். 1990-ல கலாபனாங்கிற ஊர் மேல குழம்பு ஏறிச்சே, அங்க இப்ப அம்பது அடிக்கு மேல கல்லு. எதைக் கழுவுவே?

இனிமேதான் நீ காது குடுத்துக் கேக்கணும். விலை கம்மியா இருக்குன்னு குதிக்கிறியே, அது தள்ளுபடி இல்லை மருமகனே. பின்னால ஒருநாள் உனக்கு வரப்போற நஷ்டத்துல ஒரு பங்கை முன்கூட்டியே கழிச்சுக்கிட்டுக் குடுக்காங்க. கழிச்சது போதுமா போதாதாங்கிறது ஒண்ணுதான் பேச்சு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நஷ்டத்தைக் கணக்குப் போட்டே பொழைக்கிற ரெண்டு பேரு இருக்காங்க, பாங்குக்காரனும் இன்சூரன்ஸ்காரனும். அவங்க காலு எந்தப் பக்கம் நடக்குதுன்னு பாரு.

ஒண்ணாம், ரெண்டாம் மண்டலம்னா கடன் குடுக்கப் பல பாங்குங்க யோசிக்கும். அதான் அங்க நெறைய கிரையம் ரொக்கத்துல நடக்கு. இன்சூரன்ஸ்காரன் கதை இன்னும் ருசி. மனுசன் சாவுக்கே விலை போட்டு விக்கிறவன் அவன். கலாபனாவைப் பாத்தப்புறம் அவனே கும்பிடு போட்டுட்டு ஒவ்வொருத்தனா நழுவிட்டான். கடைசியில 1991-ல ஹவாய் சட்டமன்றமே சட்டம் போட்டு, வேற எங்கயும் பாலிசி கெடைக்காதவங்களுக்குன்னு ஒரு காப்பீட்டுச் சங்கத்தை உண்டாக்க வேண்டியதாச்சு. அதுல பாலிசி எடுத்தாலும் சின்ன எழுத்தை வாசி. தீ வந்து எரிச்சா ஒரு கணக்கு. தரை பிளந்து சுவர் சாஞ்சா இன்னொரு கணக்கு. நாலு பக்கமும் குழம்பு ஓடி, நடுவுல உன் வீடு மட்டும் ஓடு கலையாம நிக்கு, ஆனா போக வழியில்லைன்னு வச்சுக்கோ. "வீட்டுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே சார்"ங்கிற பதிலுக்கு என்ன சொல்லுவே? 2018-ல அப்பிடித் தீவாட்டம் மாட்டிக்கிட்ட வீடுங்க உண்டு. பாங்கு குடுக்காத பாக்கியை இந்த மாமன்கிட்ட கேட்டிருந்தியே, அதை மறந்துறலை, வாரேன்.

எல்லா ஊர்லயும் இப்பிடித்தானான்னு கேட்டா, இல்லை. ஐஸ்லாந்துல கிரிண்டாவிக்னு மீன்பிடி ஊர். 2023 நவம்பர்ல நிலம் பிளந்து சுமார் 3,800 பேரை ராத்திரியோட ராத்திரியா வெளியேத்தினாங்க. அரசாங்கமே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, தீக் காப்பீட்டு மதிப்புல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு போட்டு அந்த வீடுகளை வாங்கிக்கிச்சு. லெய்லானி பக்கமும் பின்னால கவுண்டி நிர்வாகம் மத்திய அரசுப் பணத்தை வாங்கி, இஷ்டப்பட்டுக் குடுத்தவங்ககிட்ட சொத்தை எடுத்துக்கிட்டது. அதெல்லாம் அன்னைக்கு மாட்டிக்கிட்டவங்களுக்கு. தெரிஞ்சே போய் உக்காருற உனக்கு அடுத்த தடவையும் அதே மனசோட கஜானா திறக்கும்னு எழுதிக் குடுத்தவன் யாரு?

குழம்பு என்னமோ தலைமுறைக்கு ஒருக்கத்தான் வாசலுக்கு வரும். அடிக்கடி வர்ற விருந்தாளி வேற. மலை கக்குற கந்தகப் புகை காத்துல கலந்து மங்கலா நிக்கும். அந்த ஊர்க்காரங்க அதுக்கு "வோக்"னு பேரே வச்சிருக்காங்க. உனக்குச் சின்ன வயசுலேயே இளைப்பு. உங்கம்மா ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பா. பூனாவுல நெறைய வீட்டுல குடிக்க, குளிக்க எல்லாத்துக்கும் கூரையில விழுற மழைத் தண்ணிதான். கூரைத் தகட்டுலேருந்து காடி வழியா இறங்கிப் பெரிய தொட்டிக்கு வரும். புகையோட சேர்ந்த மழை புளிப்பேறி விழுந்தா, தகட்டுலயும் ஆணித் தலையிலயும் இருக்கிற ஈயத்தை அரிச்சுக் கொண்டாந்து தொட்டியில சேக்கும். பாக்கத் தெளிவாத்தான் இருக்கும், ருசியும் மாறாது. வீடு பாக்கப் போனப்ப சோபாவைத் தட்டிப் பாத்திருப்பே. கூரையில ஏறி ஆணியைப் பாத்தியா? பழைய வீடா இருந்தா தண்ணியைச் சோதனைக்கு அனுப்பாம ஒரு வாய் குடிக்காதே. மலை உயரமாப் பீச்சுற நாள்ல மயிர் கணக்கா கண்ணாடி இழை காத்துல பறந்து வந்து விழும். "பெலேயின் கூந்தல்"ம்பாங்க. தொட்டா கையில குத்தும், கண்ணுல பட்டா அதோ கதி. 2024 டிசம்பர்லேருந்து உச்சியில விட்டு விட்டுப் பீச்சிக்கிட்டிருந்ததே, அப்ப அக்கம் பக்கத்து ஊர் முற்றத்துல எல்லாம் விழுந்திருக்கு.

பெலேங்கிறது அந்த மலையில குடியிருக்கிற அம்மன். நக்கல் பண்ணிராதே, சாமி குத்தம். 2018-ல விரிசல் விட்ட ரோட்டில "டீ" செடியோட இலையை வச்சுக் கும்பிட்டாங்க. குழம்பு வருதுன்னா வீட்டைக் கூட்டிப் பெருக்கி, விருந்தாளியை வரவேற்கிற மாதிரி ஒழுங்கு பண்ணிவச்சிட்டுக் கிளம்புறது அந்த மண்ணுல பழைய வழக்கம். தலைமுறை தலைமுறையா அங்கன இருக்கிறவங்களுக்கு நிலம் யாருதுங்கிறதுல குழப்பம் கெடையாது. அது அவளுது, இவங்க அதுல இருக்காங்க, அவ்வளவுதான். வேற எங்கயும் வாடகை கட்ட முடியாம வந்து சேர்ந்த ஏழைபாழைங்களும் உண்டு. அவங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போக நாலு இடம் இருந்தும், கைநெறையச் சம்பளம் இருந்தும், விலையைப் பாத்து வாயைப் பொளந்தவன் நீ. உனக்குத்தான் இந்தப் பேச்சு.

நிலம் யாருதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. குழம்பு கடல்ல விழுந்து புது நிலம் உண்டாகுமே, நம்ம மனை தானா வளரும்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டிருப்பே, உன்னைத் தெரியாதா? 2018-ல மட்டும் சுமார் 875 ஏக்கர் புதுசா முளைச்சது. ஆனா 1955-ல முளைச்ச நிலத்தை வச்சு ஒரு வழக்கு நடந்து, 1977-ல ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிட்டுது. கடலைத் தூர்த்து வந்த நிலம் அரசாங்கத்துக்கு. ஆக, உள்ள நிலத்து மேல கல்லு ஏறினா அது உனக்கு, புது நிலம் முளைச்சா அது சர்க்காருக்கு. எந்த நாடானாலும் சர்க்கார் சர்க்கார்தான்.

நியாயமாப் பேசணும்னா, அந்த மலைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அது பெரும்பாலும் ஆளை விட்டுட்டு வீட்டைத்தான் தின்னும். 2018-ல அத்தனை வீடு போயும் குழம்புல ஒரு உசிரு போகலை. ஒருத்தர் மாடியில நின்னப்ப நெருப்புக் கட்டி பறந்து வந்து காலை ஒடைச்சுது. இத்தாலியில இருக்கிற வெசுவியஸ் சாதியே வேற. 79-ஆம் வருசம் பொம்பேயியை அது மூடினப்ப, ஊருக்குள்ள தங்கிட்டவங்களை ஆளோட சேர்த்தே மூடிருச்சு. 1944-க்கு அப்புறம் சும்மா கெடக்கு, அதைச் சுத்தி லட்சக்கணக்கான சனம் சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருக்கு. அங்க வீடு பாத்திருந்தேன்னா இவ்வளவு நீளமா எழுதியிருக்க மாட்டேன். நேரா உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு விமானம் ஏறியிருப்பேன்.

கிலாவேயாவுக்கு நல்ல காவக்காரனும் இருக்கான். 1912-லேருந்து ஆராய்ச்சி நிலையம் வச்சு, பூமி உப்புறதையும் அசையுறதையும் நாடி பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்காங்க. காவக்காரன் சத்தம் குடுப்பான், பிடிச்சு நிறுத்த மாட்டான். 1935-ல பக்கத்து மலையான மௌனா லோவாக் குழம்பு ஹீலோ நகரத்துப் பக்கம் திரும்பினப்ப, விமானத்துல போய்க் குண்டு போட்டுப் பாத்தாங்க. குழம்பு நின்னுச்சு. குண்டு போட்டதால நின்னுச்சா, தானா நின்னுச்சான்னு அப்புறமும் தர்க்கம் ஓய்ஞ்சபாடில்லை. ராணுவத்துக்கே அந்தப் பாடுன்னா, நீ தோட்டத்துக் குழாயை எடுத்துக்கிட்டு நின்னு என்ன ஆகப்போகுது?

அதே ஹவாய்ல நம்ம சாமி எங்க குடியேறினாருன்னு பாத்தியா? கவாய்ங்கிற வேற தீவுல. சைவ ஆதீனம் 1970-லேருந்து அங்க இருக்கு. பெங்களூர்ப் பக்கம் கல்லைச் செதுக்கிக் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோய்க் கட்டின இறைவன் கோயிலுக்கு 2023-ல கும்பாபிசேகமும் ஆச்சு. அந்தத் தீவோட எரிமலை அணைஞ்சு லட்சம் வருசத்துக்கு மேல ஆச்சு. திருவண்ணாமலையில நெருப்பாவே நின்னவரு அவரு. அவருக்கே குடித்தனம்னு வந்ததும் அணைஞ்ச மலைதான் தோதுப்பட்டிருக்கு. அங்க விலை எட்டாதேங்கியா? அதைத்தானே நானும் இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

இவ்வளவு சொன்னப்புறமும் "இல்லை மாமா, மனசு அங்கனயே நிக்கு"ன்னா, நாலு காரியம் செய். மொதல்ல ஒரு வருசம் அந்தத் தெருவுலேயே வாடகைக்கு இரு. புகை மூக்குல ஏறட்டும், தொட்டித் தண்ணியில குளி, அக்கம் பக்கத்துக் கெழவிங்ககிட்ட 2018 கதையைக் கேளு. தரகர் பத்து நாள்ல சொல்லாததை அவங்க ஒரு காப்பித் தண்ணியோட சொல்லிருவாங்க. ரெண்டாவது, ஊரைவிட்டு வெளியேற எத்தனை ரோடுன்னு எண்ணிப் பாரு. 2018-ல வீடு தப்பிச்சும் ரோட்டைக் குழம்பு மூடிப் பரிதவிச்சவங்க உண்டு. மூணாவது, திரும்ப விக்கணும்னா யாரு வாங்குவான்னு யோசி. கையில ரொக்கம் வச்சுக்கிட்டு, மாமன் பேச்சும் கேக்காத இன்னொருத்தன் கெடைக்கணும். அந்த மாதிரி ஆளு உலகத்துல அடிக்கடி பொறக்கிறதில்லை. நாலாவது, நாளைக்குக் காலையில போன் வந்து "வீடு போச்சு"ன்னு சொன்னா, ரெண்டு நாள் அழுதுட்டு மூணாம் நாள் வேலைக்குப் போய் உக்கார முடியுமா? புள்ளைங்க படிப்புக்குக் கை வைக்காம இருக்க முடியுமா? முடியும்னா அது வீட்டுக்குக் குடுத்த விலைன்னு நெனைக்காதே, அந்த அழகைப் பாத்துக்கிட்டு இருந்ததுக்குக் கட்டின வாடகைன்னு நெனச்சுக்கோ. அந்தக் கணக்குல வாங்கினா உனக்கும் மலைக்கும் மனஸ்தாபம் வராது.

இப்ப அந்தப் பாக்கிக்கு வாரேன். கெழக்குப் புஞ்சையை வித்து உனக்குக் குடுக்கணும்னு எழுதியிருந்தே. தங்கச்சி மகன் கேட்டு இல்லைன்னு சொன்ன பழக்கம் எனக்குக் கெடையாது, இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா நானும் ஒரு பாங்கு கணக்காத்தான் நடந்துக்கிடலாம்னு இருக்கேன். மூணாம் மண்டலத்துல வீடு பாத்தியானா பாதிப் புஞ்சை. ஒம்போதாம் மண்டலத்துல பாத்தியானா முழுப் புஞ்சையும், கெணத்தோட சேர்த்து. ஒண்ணாம் மண்டலம்தான் வேணும்னு நின்னியானா, புஞ்சை பத்திரமா இருக்கட்டும். வீடு போய் நீ திரும்பி வந்தா ஒக்காரத் தரை வேணும்லா.